மூச்சு திரும்பிவிட்டது, கெண்டைக்கால் திரும்பவில்லை

உடற்பயிற்சி தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு மதுரை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அளிக்கும் பதில்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: வருஷக்கணக்காக விட்டுவிட்டு, எடையும் ஏறிய பிறகு, மறுபடி தொடங்குவது எப்படி?

எனக்கு 54 வயது. ஆபீஸ், வீடு என்று இருந்துவிட்டு, போன மாதம்தான் நடக்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் வேகமாக நடந்தால் நெஞ்சின் நடுவில் ஓர் அழுத்தம் வந்து, தாடை வரை ஏறுகிறது. நின்றால் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறேன். நடையைத் தொடரலாமா?
– வாசகர், சிவகங்கை

தொடரக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். இதழ் அச்சாகும் வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நடந்தால் வருவது, நின்றால் போவது. இந்த ஒழுங்கைத்தான் கவனிக்க வேண்டும். வாயு இப்படிக் கணக்குப் பார்த்து வருவது அபூர்வம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். வேகமாக நடக்கும்போது போதாது. அதனால் படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி. நார்மலாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இதய டாக்டரைப் பாருங்கள். டி.எம்.டி. (ஓடுபட்டையில் நடக்கவைத்து எடுக்கிற ஈ.சி.ஜி.) எடுப்பதா, வேறு பரிசோதனையா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை நடை வேண்டாம், மாடி ஏறுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த அழுத்தம் வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஓமத் தண்ணீரைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

மேடம், எனக்கு 43 வயது. கல்லூரியில் கபடி டீமில் ரைடர். அப்போது 66 கிலோ. கல்யாணம், பைனான்ஸ் கம்பெனி வேலை, நாளெல்லாம் பைக் என்று ஆனதில் இப்போது 88 கிலோ. சுகர் பார்டரில் இருக்கிறது என்றதும் ஷூ வாங்கி மைதானத்துக்குப் போனேன். முதல் மூன்று வாரம் அருமை. பழைய மூச்சு வந்துவிட்டது. நான்காவது வாரம் பசங்களோடு ஒரு வேக ஓட்டம் போட்டேன். பின்னங்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஒரு மாதம் ஓய்வெடுத்து மறுபடி ஓடினேன். அதே இடம், அதே வலி. என் விளையாட்டு அவ்வளவுதானா?
– வாசகர், திண்டுக்கல்

அவ்வளவுதான் இல்லை தம்பி. ஆனால் மூன்று மாதத்துக்குப் பசங்களோடு பந்தயம் கிடையாது.

கல்லால் அடித்த மாதிரி என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கெண்டைக்கால் சதை கிழிந்தவர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். திரும்பிப் பார்ப்பதும் வழக்கம்தான். சிலர் பின்னால் நிற்பவரை முறைத்தே விடுவார்கள். ஆடுசதையின் உள்பக்கம், நடுவாக்கில் கிழியும். நாற்பது வயதுக்கு மேல், நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப வந்த ஆட்டக்காரர்களுக்கு என்றே வந்த காயம் மாதிரி இருக்கும்.

முதல் நாள் வராமல் நான்காவது வாரம் ஏன் வந்தது? உங்களுக்கு மூச்சு வந்துவிட்டது, அதனால்தான். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே உடம்பு ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டிக்கொள்கிறது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் ‘அட, நம்ம பழைய ஆள் வந்துட்டான்’ என்று தோன்றிவிடும். சதைக்கு இன்னும் நாள் வேண்டும். சதையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு மாதக்கணக்கில் வேண்டும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, நிதானமாகத்தான் தேறும். இத்தனைக்கும் 66 கிலோவைத் தூக்கிப் பழகிய கால் இப்போது 88-ஐத் தூக்குகிறது. ரைடர் வேறு. முன்னங்காலை ஊன்றி விருட்டென்று பாய்கிற பழக்கம் மூளையில் அப்படியே இருக்கிறது. மூளை ‘பாய்’ என்கிறது, மூச்சு ‘சரி’ என்கிறது. கெண்டைக்காலிடம் யாரும் கேட்கவில்லை.

மூச்சு திரும்பும் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. என்னிடம் வருகிற முன்னாள் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சொல்வேன். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உடம்பின் ஆக்சிஜன் கொள்திறன், அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, கால் பங்குக்கு மேல் விழுந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து, 1996-இல், அதே ஐந்து பேரை மறுபடி கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ ஆகியிருந்தது. உடம்புக் கொழுப்பு 14 சதவீதத்திலிருந்து 28. ஆனால் முப்பது வருஷ வயது கெடுத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை கெடுத்ததுதான் அதிகம் என்று தெரியவந்தது. அப்புறம் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று கொஞ்சமாக ஆரம்பித்து, கடைசியில் வாரத்துக்கு நாலரை மணி நேரம். ஐம்பது வயதுக்காரர்களின் கொள்திறன், இருபது வயதில் படுக்கைக்கு முன்னால் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. எடை மட்டும் ஐந்து கிலோவுக்குள்தான் குறைந்தது. கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொருவருக்கும் அது வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கால். ஒரு மாதம் ஓய்வெடுத்தேன் என்கிறீர்கள். ஓய்வில் வலி போகும், பலம் வராது. அதனால்தான் இரண்டாம் முறையும் அதே இடம். முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடமோ எலும்பு டாக்டரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள். நுனிக்காலில் நிற்கவே முடியவில்லை என்றால் குதிகால் நாண் அறுந்திருக்கலாம். அடிபடாமலேயே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இரண்டும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. அவை இல்லை என்று தெரிந்த பிறகு, சுவர் பக்கம் போங்கள்.

என் கிளினிக்கில் நான் செய்யச் சொல்வது இதுதான். சுவரில் இரண்டு விரல் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குதிகாலை மேலே தூக்கி இறக்க வேண்டும். நல்ல காலில் இருபது, இருபத்திரண்டு என்று போவார்கள். அடிபட்ட காலில் ஆறு ஏழு ஆனதும் வேடிக்கை ஆரம்பிக்கும். முழங்கால் லேசாக மடங்கும், இடுப்பு முன்னால் சாயும், சுவரைத் தொட்டிருந்த இரண்டு விரல் முழு உள்ளங்கையாகிவிடும். ஆள் மட்டும் ‘பத்து, பதினொன்று’ என்று எண்ணிக்கொண்டே இருப்பார். குதிகால் பாதி உயரம்கூட எழும்பியிருக்காது. ஏமாற்றுகிறோம் என்றே தெரியாமல் ஏமாற்றுவார்கள்.

ஆகவே முதலில் இரண்டு காலும் சேர்த்து, மூன்று விநாடி ஏறி மூன்று விநாடி இறங்கி, பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் இரண்டு காலில் ஏறி ஒரு காலில் இறங்குங்கள். அப்புறம் முழுக்க ஒற்றைக் கால். அதுவும் சுலபமானால் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். அடிபட்ட காலும் நல்ல காலுக்குச் சமமாக இருபது தூக்க வேண்டும். அரை மணி வேகநடை வலியில்லாமல் போக வேண்டும். ஒற்றைக் காலில் இருபது சின்னக் குதி வலிக்காமல் குதிக்க வேண்டும். மூன்றும் தேறினால்தான் ஓட்டம். ஓட்டம் என்றால் ஒரு நிமிஷம் மெதுவோட்டம், இரண்டு நிமிஷம் நடை, இதை மாற்றி மாற்றி இருபது நிமிஷம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும்தான் கூட்டலாம்: ஒன்று நேரம், இல்லையென்றால் வேகம். மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கும்போது கெண்டைக்கால் முந்தின நாளைவிட விறைப்பாக இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம். ஒரு படி இறங்குங்கள். உங்கள் அணி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் நடுவராகப் போங்கள்.

பார்டர் சுகருக்கு ஓட்டமே தேவையில்லை. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகரைக் கால் சதையே நன்றாக இழுத்துக்கொள்ளும். கலெக்‌ஷனுக்குப் போகும்போது பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்தினால் அதுவும் கணக்கில் சேரும். ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் பலன் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் சதைக்குப் பலமான பயிற்சி. அவர்கள் கேட்பது இவ்வளவுதான்.

இரண்டு மாதமாகத் தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடக்கிறேன். 79 கிலோ இருந்தேன், இப்போது 78.6. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி வேறு. எனக்கு 47 வயது, ஆசிரியை. நடப்பதே வீண் என்று தோன்றுகிறது.
– வாசகி, மதுரை

நம்ம தெப்பக்குளமா! அங்கே ஒரு சுற்று ஏறக்குறைய 1,200 மீட்டர். மூன்று சுற்று என்றால் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். உங்கள் எடைக்கு அதில் செலவாவது சுமார் 200 கலோரி. ஓர் உளுந்து வடை 100-க்குக் குறையாது. நடைப்பயிற்சி நடக்கிற எந்த இடத்துக்கும் போய்ப் பாருங்கள், வாழைத்தண்டு சூப், அருகம்புல் ஜூஸ் தள்ளுவண்டி நிற்கும். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. நாலு எட்டு தள்ளி டீயும் வடையும் இருக்கும். அங்கேதான் கூட்டம் அதிகம். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பதால், வெறும் நடையால் எடை குறைவது எவ்வளவு மெதுவான வேலை என்று காட்டுகிறேன்.

வீணா என்றால், சுத்தமாக இல்லை. டல்லாஸ் ஆட்களை மேலே படித்தீர்கள். நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சுகர் பார்டரில் இருந்தவர்களை மூன்று வருஷம் கவனித்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு. சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாடும் அரை மணி வேகநடையும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். அந்த இரண்டாவது குழுவுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசு ஒன்றும் காட்டாதபோதே உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது.

அதனால் தராசை மாதம் ஒருமுறை பாருங்கள். வாரம் ஒருமுறை தையல் டேப்பை எடுத்து, காலையில் சாப்பிடுவதற்கு முன், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இடுப்பை அளந்து எழுதுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது. புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது சதை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு குறைந்தாலும் தராசு அசையாமல் நிற்க அதுவும் ஒரு காரணம்.

உங்கள் அட்டவணையில் விட்டுப்போனது சதைப் பயிற்சி. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறீர்கள், சதை தானாகவே கரையும் காலம் இது. ஸ்டாஃப் ரூம் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. முழங்கால் வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைச் சதைதான். இன்னொன்றும் கேளுங்கள்: முழங்கால் தேய்ந்தவர்களிடம் அளந்து பார்த்ததில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழுகிற சுமை நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்தது. உங்கள் 400 கிராமைக் கேவலமாக நினைக்காதீர்கள். மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வையுங்கள். தராசும் நகர ஆரம்பிக்கும்.

அக்கா, எனக்கு 31 வயது. இரண்டாவது குழந்தை சிசேரியன், கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. ஒன்பது மாதம் ஆகிறது. 58 கிலோ இருந்தவள் 74. ஆபரேஷன் பண்ணினால் இப்படித்தான் ஊதும் என்கிறார் அத்தை. யூட்யூப் பார்த்து ஜும்பா ஆடினேன். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. தாய்ப்பாலும் கொடுக்கிறேன்.
– வாசகி, திருநெல்வேலி

என்னிடம் சொன்னீர்களே, போதும். இதை எழுதாமல் மனசுக்குள் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அத்தையிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். கருப்பையோ, சினைப்பையோ, ஹார்மோனோ அதில் தொடப்படுவதே இல்லை. எடை ஏறுவது வேறு வழியில். ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது, பசி கூடுகிறது, மூத்தது மிச்சம் வைத்த தோசை வீணாகக் கூடாதே என்று நம் வயிற்றுக்குள் போகிறது. தைராய்டு மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அது தடுமாறுவது உண்டு.

ஜும்பாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். கசிவு வருவது, இடுப்பின் அடித்தளத்தில் சிறுநீர்ப்பையைத் தாங்குகிற சதைகள் தளர்ந்திருப்பதால். சிசேரியன் என்றாலும் ஒன்பது மாதம் சுமந்தது அவைதானே. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இறுக்குங்கள். வயிறும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து விநாடி பிடித்து, முழுசாக விடுங்கள். எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் இதற்கு வசதி. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அது பயிற்சி இல்லை. தும்மல் வரும்போதும், குழந்தையைத் தூக்குவதற்கு முன்னும் ஒரு இறுக்கு. மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் கசிந்தால் மகப்பேறு டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வயிற்றையும் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலை வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தாலோ, நடுவில் கூரை மாதிரி புடைத்து எழுந்தாலோ வயிற்றுச் சதை இரண்டும் இன்னும் விலகித்தான் இருக்கின்றன. அப்படியானால் படுத்து எழுகிற வயிற்றுப் பயிற்சி எதுவும் வேண்டாம். அந்தப் பயிற்சியால் தொப்பை மட்டும் தனியாகக் கரையும் என்பதும் கதைதான். பெல்ட் கட்டினால் புடவை அழகாக நிற்கும், சதை சேராது. மல்லாந்து படுத்தபடி மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை மெல்ல உள்ளே இழுப்பது, இடுப்பைத் தூக்கி இறக்குவது, ஒரு காலைத் தரையோடு நீட்டி மடக்குவது, இவ்வளவும் அரை மணி நடையும் போதும். பால் கொடுக்கும்போது பட்டினி கிடக்காதீர்கள். நடையால் பால் குறையாது, கெடவும் கெடாது; அப்படி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நடக்கப் போங்கள்.

வயது 61. சுகர் மாத்திரை எடுக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காவிரிக் கரையில் நடப்பேன். வந்து குளித்து, பூஜை முடித்து, எட்டரைக்குத்தான் டிபன். நடந்து வரும்போது கை நடுங்குகிறது, குப்பென்று வியர்க்கிறது. வயசானதால்தானே?
– வாசகர், கும்பகோணம்

வயசு இல்லை ஐயா, நேரம். கிளைமெபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். மாத்திரை ஒரு பக்கம் சுகரை இறக்குகிறது, நடை இன்னொரு பக்கம் இறக்குகிறது, சாப்பாடு மூன்றரை மணி நேரம் கழித்து வருகிறது. நடுங்காமல் என்ன செய்யும்? உங்கள் சீட்டில் அந்த வகை மாத்திரை இருக்கிறதா, அதை எப்போது போட வேண்டும் என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். அது பெரும்பாலும் டிபனை ஒட்டிப் போடுகிற மாத்திரை. அவரைப் பார்க்கும் வரை தனியாக நடக்க வேண்டாம். கிளம்பும் முன் மீட்டரில் பாருங்கள், 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை பொட்டலமாக இருக்கட்டும். நடுக்கம் வந்தால் நின்று, அதை வாயில் போட்டு, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார், டிபனை முன்னால் வைத்துக்கொள்ளலாம். கரை மணலில் வெறுங்காலோடு நடப்பது சுகம்தான், ஆனாலும் செருப்பு போடுங்கள். ராத்திரி உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள்.

ஐ.டி. வேலை, 26 வயது, மூன்று வருஷத்தில் 20 கிலோ கூடிவிட்டது. ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே 200 பஸ்கி போடச் சொன்னார்கள், போட்டுவிட்டேன். இரண்டு நாள் உட்காரவே முடியவில்லை. ஒருமுறை சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. தண்ணீர் நிறையக் குடித்ததும் தெளிந்துவிட்டது. நாளைக்கு மறுபடி போகலாமா?
– வாசகர், கோவை

நாளைக்கு லேபுக்குப் போங்கள். தொடை வலி சகஜம். பழக்கமில்லாத பயிற்சிக்கு இரண்டாம் நாள் உச்சமாக இருக்கும், நாலைந்து நாளில் அடங்கும். டிகாக்‌ஷன் நிறம் சகஜம் இல்லை. சதை அளவுக்கு மீறி உடைந்தால் அதிலுள்ள சாயப்பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அந்த நிறத்தைப் பார்த்த அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய விஷயம். இப்போதாவது ஒரு டாக்டரைப் பார்த்து சி.கே. (சதை எவ்வளவு உடைந்தது என்று காட்டும்), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்) இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகு ஜிம்முக்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் எந்தப் பயிற்சியும் ஒரே சுற்று, ‘இன்னும் நாலைந்து போடலாம்’ என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். முதல் நாளிலேயே ஆளைப் படுக்கவைப்பதைத் திறமை என்று நினைக்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் காலத்து உடற்பயிற்சிக் கூடத்தில்கூட புதுப் பையனுக்கு முதல் நாளே கர்லாக்கட்டையைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தால் சாதாரண நடையைவிட அதிகப் பலனா?
– வாசகி, ஈரோடு

நடப்பதற்குத்தான் பலன், எட்டுக்கு இல்லை. தெருவில் நாய்த் தொல்லை, வெளிச்சம் இல்லை என்கிறவர்களுக்கு மாடி நல்ல இடம். எட்டைச் சின்னதாகப் போட்டால் திரும்பித் திரும்பி வேகம் குறைந்துவிடும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வலி கூடலாம். பெரிதாகப் போடுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற வேகம் வந்தால் சரி. எட்டோ வட்டமோ உங்கள் இஷ்டம்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறார்களே, தினமும் குடித்தால் கரையுமா?
– வாசகர், நாமக்கல்

கரையாது. 100 கிராம் கொள்ளில் புரதம் 22 கிராம், நல்ல பருப்பு. கலோரியும் 300-க்கு மேல் இருக்கிறது. சோற்றைக் குறைத்துக்கொண்டு கொள்ளு ரசம், கொள்ளு சுண்டல் சாப்பிட்டால் லாபம். சோற்றுக்கு மேலே சாப்பிட்டால் எடைக்கு மேல் எடை.

தங்கைக்கு ஆறு வாரத்தில் கல்யாணம். அதற்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும். காலேஜில் த்ரோபால் ஆடியிருக்கிறேன். என்ன செய்யலாம் அக்கா?
– வாசகி, தஞ்சாவூர்

கணக்கைப் பார்ப்போம். பத்துக் கிலோ கொழுப்பு என்றால் 77,000 கலோரி. ஆறு வாரம், 42 நாள். ஒரு நாளைக்கு 1,800-க்கு மேல் குறைய வேண்டும். நீங்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பட்டினி கிடந்து, பிளாஸ்டிக் கோட் போட்டு வியர்த்து மூன்று நாலு கிலோவைக் காட்டலாம். அதில் பாதி தண்ணீர், பந்தியில் முதல் இலைக்கே திரும்பி வந்துவிடும்.

இரண்டு, மிஞ்சினால் மூன்று கிலோ ஆகிற காரியம். தினம் முக்கால் மணி நடை, வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சுவரில் கை ஊன்றித் தண்டாலும், ராத்திரி ஏழரைக்குள் சாப்பாடு. பந்தைத் தொடாதீர்கள். கல்யாணத்தன்று கால் கட்டோடு நிற்க வேண்டியிருக்கும்; மேலே திண்டுக்கல் தம்பி கதையைப் படித்தீர்கள் அல்லவா? பட்டுப் பிளவுஸை இப்போதே எடுத்துப்போய்ப் பக்கத்தில் ஒரு இஞ்ச் பிரிக்கச் சொல்லுங்கள். முகூர்த்த மாதம், தையல்காரர் நாள் கேட்பார்.